கரடிமேட்டு வேகத்தடை

அமராவதியின் காரியம் முடிந்த மறுநாள் காலையில், அவள் அடிபட்டு விழுந்த தென்னந்தோப்பு வளைவில், சாலைக்குக் குறுக்கே ஒரு வேகத்தடை இருந்தது. முந்தின நாள் அது அங்கே இல்லை. ஆனால் யாரும் ஆச்சரியப்படவில்லை, ஏனென்றால் எங்கள் பக்கத்தில் ஒரு சாவு விழுந்த பிறகுதான் வேகத்தடை போடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஊராட்சியில் அது நெடுஞ்சாலைத் துறை போட்டது என்று நினைத்தார்கள், நெடுஞ்சாலைத் துறையில் ஊராட்சி போட்டது என்று நினைத்தார்கள், எம்.எல்.ஏ.வின் ஆட்கள் எதையும் நினைக்காமல் மக்கள் கோரிக்கையை நிறைவேற்றிய அண்ணனுக்கு நன்றி என்று பக்கத்திலேயே ஒரு ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள்.

பைபாஸில் இருந்து கரடிமேட்டுப் பிரிவுக்கு வரும் அந்தச் சாலைதான் எங்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. பொள்ளாச்சியில் இருந்தும் ஈரோட்டில் இருந்தும், சில சமயம் மலை இறங்கி ஊட்டியில் இருந்தும், புதுக் கார் வாங்கிய பையன்கள் அதைக் கொண்டுவந்து இங்கேதான் விடுவார்கள். இங்கே ஸ்பிரிங்கை வெட்டித் தரையைத் தொடுகிற மாதிரி வண்டியை இறக்கிக் கொடுப்பார்கள், சைலன்சருக்குள் இருப்பதைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பட்டாசு வெடிக்கிற மாதிரி சத்தம் வைத்துக் கொடுப்பார்கள், கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம் ஒட்டி, எதிரே வருகிறவன் கண்ணைப் பறிக்கிற வெள்ளை லைட்டை மாட்டிக் கொடுப்பார்கள். இதில் பெரிய கை கனகவேல். நல்ல வேலைக்காரன், சிரித்த முகம், எந்தப் போலீஸ்காரர் வந்து கேட்டாலும் அவனிடம் ஒரே பதில்தான் இருந்தது. "நான் வண்டியத்தானுங்க மாத்தறேன். ஓட்டறவன மாத்த முடியுமுங்களா?"

அமராவதி மில் கேன்டீனில் சமையல் வேலை பார்த்தவள். சாயங்காலம் மொபெட்டில் வீட்டுக்கு வரும்போது வளைவில் ஒரு கார் அடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. தோப்புக் காவல்காரர் தூரத்தில் இருந்து பார்த்ததெல்லாம் வெல்டிங் வைக்கிற மாதிரி ஒரு வெளிச்சம், கேட்டதெல்லாம் படபடவென்று ஒரு சத்தம். அவர் வாய்க்கால் சுற்றி வந்து சேர்வதற்குள் கார் இல்லை. கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்த வெளிச்சமும் அந்தச் சத்தமும் எங்கள் சாலையில் விற்கிற சரக்கு என்பதால், அன்றிலிருந்தே நாங்கள் ஒருவர் காரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்க்க ஆரம்பித்திருந்தோம்.

வேகத்தடை நகர்கிறது என்று முதலில் சொன்னவர் பேக்கரி சசீந்திரன். பாலக்காட்டுக்காரர், கல்லாவில் உட்கார்ந்தபடி சாலையைப் பார்ப்பதே அவருக்கு வேலை. தோப்பு வளைவில் இருந்த வேகத்தடை இப்போது உரக்கடைக்கு எதிரே கிடப்பதைக் கண்டு, டீ ஆற்றிக்கொண்டே, "ஸ்பீட் பிரேக்கர் வந்நுட்டே இருக்குது கேட்டீங்களா," என்றார், பஸ் வந்துகொண்டிருக்கிறது என்று சொல்கிற மாதிரி. போய்ப் பார்த்தோம். அது முன்பு கிடந்த இடத்தில் தார் ஒரு கீறல் இல்லாமல் வழவழப்பாக இருந்தது. உரக்கடைக்கு எதிரே, அதே அகலத்தில், அதே உயரத்தில், கையை வைத்தால் ஆட்டின் முதுகு மாதிரி இளஞ்சூடாக அது கிடந்தது.

அது நகர்வதை யாரும் பார்த்ததில்லை. பார்ப்பதற்கென்றே நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள் உண்டு. அவர்கள் டீக் கிளாஸை வாங்கக் கை நீட்டி முகத்தைத் திருப்பிய நேரத்தில் அது கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும். சாக்பீஸால் கோடு போட்டு வைத்தார்கள், கோடு பின்னால் தங்கிவிட்டது. நெடுஞ்சாலைத் துறை ஆட்கள் ஜே.சி.பி. கொண்டுவந்து அதைப் பெயர்த்து லாரியில் அள்ளிக்கொண்டு போனார்கள். மறுநாள் அது இன்னும் கொஞ்சம் முன்னாலும், இன்னும் கொஞ்சம் உயரமாகவும் கிடந்தது, அதற்கப்புறம் அவர்கள் வரவில்லை. பெண்கள் மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள். லாரிக்காரர்கள் எலுமிச்சம்பழத்தை வைத்து ஏறிப் போனார்கள். ஊராட்சித் தலைவர், ஒரு இடத்தில் நிற்காத ஒன்றுக்கு எச்சரிக்கைப் பலகையை எங்கே நடுவது என்று கேட்டுவிட்டு, சக்கரம் வைத்த பலகை ஒன்று செய்யச் சொல்லி, அதை வேகத்தடைக்குத் துணையாகத் தள்ளிக்கொண்டு போக ஒரு ஆளையும் போட்டார். சின்ன வண்டி, பெரிய வண்டி எல்லாம் அதன் மேல் ஏறி இறங்கிப் போயின. இறக்கிக் கட்டிய கார்களுக்கு மட்டும் வயிற்றில் இடித்தது.

அமராவதியின் புருஷன் ராக்கியண்ணன் மினி பஸ் கண்டக்டர். காரியம் முடிந்தும் அவர் வேலைக்குப் போகவில்லை. தினமும் குளித்து, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, வேகத்தடை எங்கே கிடக்கிறதோ அதற்குப் பக்கத்துச் சாலையோரத்தில் உட்கார்ந்துகொண்டார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அது நகர்ந்தால் அவரும் எழுந்து நகர்ந்து உட்கார்ந்தார். அவர் அப்படிப் பேசாமல் உட்கார்ந்திருந்ததுதான் எங்களை உறுத்தியது. ஏதோ தெரிந்த மனுஷன் மாதிரி இருந்தார். அவரைப் பார்த்துத்தான், அது அடித்தவனைத் தேடிப் போகிறது என்கிற பேச்சு பிறந்தது. பிறந்ததும் அது வளர்ந்து, சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது.

அதன்பிறகு எங்கள் ஊரில் யாரும் யாரையும் முழுதாக நம்பவில்லை. வேகத்தடை உரக்கடைக்கு எதிரே கிடந்த வரைக்கும் உரக்கடைக்காரர் மகன்தான் என்று நாங்கள் உறுதியாக இருந்தோம், அவன் ஓட்டுகிற ஓட்டத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். உரக்கடைக்காரர் வாசலில் வந்து நின்று, தன் மகன் அன்றைக்குத் திருப்பூரில் இருந்தான், ஆனால் அவனுக்கு லைசென்ஸ் கிடையாது, அதை மறைத்தது தன் தப்புதான் என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். சொன்ன மறுநாள் அது அவரைத் தாண்டிப் போயிருந்தது. அடுத்து ஒரு டாக்டர் வீடு. அவர் தன் காரில் கறுப்பு ஃபிலிமைத் தானே உட்கார்ந்து நகத்தால் உரித்தார், ஒருமுறை சிக்னலில் ஒரு கிழவரின் சைக்கிளைத் தட்டிவிட்டு நிற்காமல் வந்ததைச் சொல்லி அழுதார். அதுவும் அவரைத் தாண்டிப் போனது. அது யார் வீட்டு முன்னால் கிடந்ததோ அவர்கள் ஏதாவது ஒன்றைச் சொன்னார்கள், தாண்டிப் போனதும் பெருமூச்சு விட்டு, அடுத்த வீட்டைப் பார்க்க நாற்காலி போட்டுக்கொண்டார்கள். பிரிவில் எல்லோரும் ஹெல்மெட் போட்டார்கள். சிவப்பு விழுந்தால் நின்றார்கள், பச்சை விழுந்தும் கொஞ்ச நேரம் நின்றார்கள், முதலில் கிளம்புகிறவன் மேல் சந்தேகம் வரும் என்று.

கனகவேலுக்கு அந்த நாட்களில் மூச்சு விட நேரமில்லை. மாட்டினதையெல்லாம் கழற்ற வேண்டியிருந்தது. ஆளாளுக்கு வண்டியைக் கொண்டுவந்து விட்டு, "அதுக்குப் பயந்து இல்லீங்ணா, சும்மா ஒரு மாத்தத்துக்கு," என்று சொல்லி, பழைய சைலன்சரையும் பழைய ஸ்பிரிங்கையும் திரும்பப் போடச் சொன்னார்கள். அவன் ஒவ்வொரு வண்டியையும் வாங்கி உள்ளே விட்டதும் குனிந்து பம்பரைத் தடவிப் பார்ப்பான், பானட்டின் விளிம்பை விரலால் தட்டிக் கேட்பான், எங்கேயாவது புதுப் பெயின்ட் வாசம் வருகிறதா என்று முகர்வான். வேலைக்காரர்கள், அண்ணன் குற்றவாளியைத் தேடுகிறார் என்று வெளியே சொன்னார்கள். அவன் அப்படித் தேடியது உண்மைதான். வேறு எந்த வண்டியிலாவது ஒரு நசுங்கல் கிடைத்துவிடாதா என்று தேடினான்.

ஏனென்றால் அமராவதி விழுந்ததற்கு அடுத்த நாள், ஊர் முழுக்க ஆஸ்பத்திரியில் நின்ற காலையில், அவன் மச்சினன் யுகேந்திரன் தன் சாம்பல் நிறக் காரைக் கொண்டுவந்து ஒர்க் ஷாப்பின் பின்பக்கம் நிறுத்தியிருந்தான். இடதுபக்க லைட் உடைந்திருந்தது, பானட் ஒரு முனையில் குழிந்திருந்தது. வண்டி நன்றாகக் கழுவப்பட்டிருந்தது.

"நாய் மாமா. குறுக்க வந்துருச்சு."

கனகவேல் எங்கே என்று கேட்கவில்லை. எப்போது என்று கேட்கவில்லை. லைட்டை மாற்றி, பானட்டைத் தட்டி எடுத்து, பெயின்ட் அடித்து, சாயங்காலம் சாவியைக் கொடுத்தான். யுகேந்திரன் அன்றைக்கே வேலை பார்க்கும் ஓசூருக்குக் கிளம்பிப் போனான். அதற்கப்புறம் கனகவேல் அதை நாய் என்றே நினைத்துக்கொள்ளப் பழகியிருந்தான். பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியது என்று அதற்கு ஒரு உருவம்கூட அவன் மனதில் வந்திருந்தது.

வேகத்தடை டாக்டர் வீட்டைத் தாண்டி, கல்யாண மண்டபத்தைத் தாண்டி, ஒர்க் ஷாப்பும் வீடும் ஒன்றாக இருந்த கனகவேலின் கேட்டுக்கு முன்னால் வந்து கிடந்தது. அங்கேயே இருந்தது. நகரவில்லை. வழக்கம்போல யாராவது வந்து ஏதாவது சொல்வார்கள், தாண்டிப் போய்விடும் என்று நாங்கள் காத்திருந்தோம். கனகவேல் வெளியே வந்து, தான் அன்றைக்குச் சாயங்காலம் முழுக்கக் கடையில் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்ததாகச் சொன்னான், அது உண்மை, எங்களில் பலர் அவன் கால்களைப் பார்த்திருந்தோம். சட்டத்துக்கு ஒத்துவராத லைட்டை மாட்டிக் கொடுத்தது தப்பு என்றான். சத்தம் வைத்தது தப்பு என்றான். அது அசையவில்லை. சாலையோரத்தில் ராக்கியண்ணன் கால் மாற்றி உட்கார்ந்தார்.

அதன்பின் அவன் கடைக்கு யாரும் வரவில்லை. வேலைக்காரர்கள் நின்றுவிட்டார்கள். யாரோ போர்டைக் கல்லால் அடித்தார்கள். இன்ஸ்பெக்டர் வந்து வேகத்தடையைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, இதையெல்லாம் சாட்சியாக எடுக்க முடியாது, இருந்தாலும் நாளைக்கு ஸ்டேஷனுக்கு ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்கள் என்று மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதைதான் கனகவேலின் மனைவி சுகுணாவைப் பயமுறுத்தியது.

சுகுணாவுக்கும் யுகேந்திரனுக்கும் தாய் கிடையாது. அவனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, படிக்க வைத்து, சீர்வரிசையோடு சேர்த்துத் தம்பியையும் கூட்டிக்கொண்டுதான் அவள் கனகவேல் வீட்டுக்கு வந்தாள். அவனுடைய முதல் காரை அவள்தான் கேட்டு வாங்கிக் கொடுக்க வைத்தாள். அதைக் கனகவேல்தான் இறக்கிக் கட்டிக் கொடுத்தான். அன்றைக்குச் சோற்றைப் போட்டுவிட்டு அவள் எதிரே உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, நீங்க ஓட்டலைன்னு எனக்குத் தெரியும். அப்புறம் எதுக்கு அது இங்க வந்து படுத்திருக்குது?"

"எனக்கென்ன தெரியும்."

"ஊருல ஒவ்வொருத்தன் வண்டியையும் தடவித் தடவிப் பாத்தீங்களே. எதத் தேடுனீங்க?"

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"யுகு வண்டிக்கு லைட்டு மாத்துனீங்களே," என்றாள் அவள். "எதுல இடிச்சானாம்?"

"நாயி."

"எந்த நாயி?"

அவன் வாயைத் திறந்தான். பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியது என்று சொல்ல வந்தான். தட்டைத் தள்ளி வைத்தான். சுகுணா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள், கழுவிய தட்டைத் திரும்பக் கழுவினாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"யுகு. வா."

"எதுக்குக்கா?" அவன் குரலில் அப்போதே ஏதோ இருந்தது. "நா இங்க வேலைல இருக்கேன்."

"நாளைக்கு மாமாவ ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டிருக்காங்க. நீ வரலைன்னா அவரத்தான் உள்ள வெப்பாங்க."

"அக்கா, அது வந்து..."

"போன்ல எதுவும் சொல்லாத கண்ணு. நேர்ல வா. அந்த வண்டியிலேயே வா."

அவன் வருவான் என்று கனகவேல் நம்பவில்லை. வரக்கூடாது என்று அவன் வேண்டிக்கொண்டதாகப் பின்னால் சொன்னான். ஆனால் மறுநாள் மத்தியானம், வெயில் சாலையில் பட்டுத் தெறிக்கிற நேரத்தில், பைபாஸ் பக்கமிருந்து படபடவென்று அந்தச் சத்தம் கேட்டது. எல்லோரும் சைலன்சரை மாற்றியிருந்ததால் அப்படியொரு சத்தத்தை நாங்கள் கேட்டே நாளாகியிருந்தது. பேக்கரியில் இருந்தவர்கள் எழுந்தார்கள். தோப்புக் காவல்காரர் அன்றைக்கு எங்களோடு நின்றிருந்தார். அவர் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். சாம்பல் நிறக் கார், கறுப்புக் கண்ணாடி, உள்ளே யார் என்று தெரியாது, உரக்கடையைத் தாண்டி, டாக்டர் வீட்டைத் தாண்டி, மண்டபத்தைத் தாண்டி, மெதுவாக, எங்கள் ஊரில் யாரும் ஓட்டாத அளவுக்கு மெதுவாக வந்து, கேட்டுக்குத் திரும்புவதற்காக வேகத்தடையில் முன்சக்கரத்தை ஏற்றியது.

முன்சக்கரம் தாண்டியது. வயிறு உட்கார்ந்துவிட்டது. அவன் ஆக்சிலேட்டரை மிதித்தான், சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. பின்னால் எடுக்கப் பார்த்தான், அப்போதும் நகரவில்லை. டயர் தேய்கிற வாசம் வந்தது. அத்தனை பேர் நின்றிருந்தோம், கை கொடுத்துத் தள்ள யாரும் போகவில்லை. வண்டியைத் தூக்கிக்கொண்டிருந்த அந்த வேகத்தடை மூச்சை இழுத்துப் பிடித்த மாதிரி கொஞ்சம் உயர்ந்ததாகச் சிலர் சொன்னார்கள், அதை நான் பார்க்கவில்லை.

ராக்கியண்ணன் எழுந்து வேட்டியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார். நடந்துபோய், கறுப்புக் கண்ணாடியை விரல் முட்டியால் தட்டினார், பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற மாதிரி. கண்ணாடி இறங்கியது. உள்ளே ஒரு இருபத்தைந்து வயசுப் பையன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி, வேர்த்து நனைந்து உட்கார்ந்திருந்தான். சீட் பெல்ட் போட்டிருந்தான்.

"தம்பி, அன்னிக்கு நீ வண்டிய நிறுத்துனயா?"

அவன் அக்காவைத் தேடினான். சுகுணா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நிறுத்துனனுங்க."

"எறங்குனயா?"

"எறங்குனனுங்க."

"கிட்டப் போனயா?"

"போனனுங்க."

ராக்கியண்ணன் ஜன்னலில் கையை ஊன்றிக் குனிந்தார். இத்தனை நாள் அவர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தது இந்த ஒரு கேள்விக்காகத்தான் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

"அவ எதாச்சும் சொன்னாளா?"

"தண்ணி கேட்டாங்க."

"குடுத்தயா?"

எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அவன் சாவியைத் திருப்பி அணைத்தான். அந்தச் சத்தம் நின்றதும் தென்னையில் காற்று அடிப்பதுகூடக் கேட்டது.

"வண்டியில இருந்துச்சுங்க," என்றான் யுகேந்திரன். "பாட்டில் நெறைய இருந்துச்சுங்க. எடுக்கறதுக்குத்தானுங்க வண்டிக்கு வந்தேன். கதவத் தொறந்து உக்காந்தேன், அப்புறம்... கை அதுவா சாவியத் திருப்பிருச்சுங்க."

ராக்கியண்ணன் வேறு எதுவும் கேட்கவில்லை. அடிக்கவும் இல்லை. அடிப்பார் என்றுதான் நாங்கள் நினைத்தோம், சிலர் அதற்காகவே கிட்டே நகர்ந்திருந்தார்கள். அவர் கதவைத் திறந்து, உள்ளே கையை விட்டு, பையனின் சீட் பெல்ட்டைக் கழற்றிவிட்டார்.

சுகுணா வந்து தம்பியின் முன்னால் நின்றாள். அவன் அவள் தோளில் சாய வந்தான். அவள் ஒரு அடி பின்னால் போனாள். "நட," என்றாள். "நானும் வர்றேன்." அப்படி அவர்கள் நடந்தார்கள், முன்னால் யுகேந்திரன், அவன் பக்கத்தில் சுகுணா, பின்னால் கனகவேல், கொஞ்சம் தள்ளி ராக்கியண்ணன், அவருக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும், வெயிலில், வண்டிகளெல்லாம் ஓரம் நின்று வழிவிட, ஸ்டேஷன் வரைக்கும் நடந்தோம். அங்கே யுகேந்திரன் சொல்லி முடித்ததும் கனகவேல் எழுந்து, லைட்டை மாற்றினது நான், பானட்டைத் தட்டினது நான், கேட்காமல் இருந்ததும் நான்தான் என்றான். அதையும் எழுதிக்கொண்டார்கள். மச்சினனும் மாமனும் ஒரே வேனில் போனார்கள். சுகுணா வீட்டுக்கு வந்து ஒர்க் ஷாப் கேட்டைப் பூட்டினாள், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், அவள் அழுத சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

வழக்கு முடிந்தது என்று எங்களுக்கு ஒரு நிம்மதி. வேகத்தடை இனி கரைந்து போகும் என்று சிலர் சொன்னார்கள், அங்கேயே தங்கும், அமராவதி பேரில் ஒரு கல் நடலாம் என்று சிலர் சொன்னார்கள். சசீந்திரன் நாற்காலிகளை எடுத்து உள்ளே போட்டார். உரக்கடைக்காரர் மகன் பழைய சைலன்சரை எங்கே வைத்தோம் என்று தேட ஆரம்பித்தான்.

மறுநாள் காலையில் அது கனகவேலின் கேட்டைத் தாண்டி, அடுத்த வளைவுக்குப் பக்கத்தில் கிடந்தது.

நாங்கள் கூடி நின்று பார்த்தோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அந்த நேரத்துக்கு மினி பஸ் வந்தது, படியில் ராக்கியண்ணன் நின்றிருந்தார், தோளில் பை, வாயில் விசில். அன்றைக்குத்தான் திரும்ப வேலைக்கு வந்திருந்தார். பஸ் நின்றதும் ஊராட்சித் தலைவர் ஓடிப்போய் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"ராக்கியண்ணா, இது என்னுங்க இது? அடிச்சவனத்தான் புடிச்சாச்சே. இன்னும் எதுக்கு இது போய்ட்டு இருக்குது?"

ராக்கியண்ணன் வேகத்தடையைப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

"என்ற பொண்டாட்டிக்காகத்தான் இது வந்துதுன்னு உங்களுக்கு ஆரு சொன்னது?" என்று கேட்டுவிட்டு, விசிலை ஊதினார்.